கைப்பிடிச் சுவருக்கு மேலே

வாங்க மேடம், வாங்க. ஜீப்பை அந்த வேப்பமரத்தடியிலயே விட்டுருங்க, எவனும் தொடமாட்டான். செருப்பு கெடக்கட்டும், உள்ள வாங்க. பட்டமுத்துங்கிறது நான்தான். ஆமா, நீங்க தேடி வந்த அதே பட்டமுத்து. என்ன மேடம் என் கையைப் பாக்கீங்க? கேமராக்காரன் கை மாதிரி இல்லையா? இது கரண்டு வேலை பாத்த கை. ஆயுசு பூரா போஸ்ட் மரம் ஏறுன கை. பேருதான் என்னோடது. நீங்க இன்டர்நெட்ல பாத்த பருந்துப் படமெல்லாம் எம்மவ எடுத்தது.

அதுல ஏமாத்து ஒண்ணும் கெடையாது. உக்காருங்க, சொல்லுதேன். அங்க வேண்டாம், ஃபேனுக்கு நேரா வாங்க. ஏ செண்பகம், மேடத்துக்குக் காப்பி போடு. எம் பொஞ்சாதிதான் மேடம்.

பொட்டப்புள்ள பேரை இன்டர்நெட்ல போடலாமா? நீங்களே சொல்லுங்க. படத்தை நாலு பேரு பாக்கணும்னு ஆசைப்பட்டா. நான் மாட்டேன்னு சொல்லல. உம்பேரு வேண்டாம், எம்பேர்ல போடுன்னேன். "இனிஷியல் மட்டும் போட்டுக்கிடட்டுமாப்பா"ன்னு கேட்டா. அரைகுறையா எதுக்குன்னு நானே முழுசா அடிச்சுக் குடுத்தேன். பட்டமுத்து, ஃபோர்மேன், ஓய்வு, தென்காசி. எத்தனை பேரு எழுதியிருக்காங்க தெரியுமா? 'ஐயா, இந்த வயசுல இவ்வளவு பொறுமையா' அப்படின்னு. எல்லாத்தையும் அவட்ட வாசிச்சுக் காட்டுவேன். சிரிப்பா. சிரிப்பான்னா சத்தம் வராது.

உலகம்மைன்னு பேரு, எங்க ஊரு அம்மன் பேரு. வீட்ல உலகுன்னு கூப்பிடுவோம். மேல மாடியில இருக்கா. கூப்பிடுதேன், அவசரம் என்ன? மொதல்ல நாம பேசிக்கிடுவோம். அவ வந்தாலும் பேசமாட்டா, நாந்தான் பேசணும். காலேஜ்ல சேரப் போனப்ப என்ன பாடம் வேணும்னு பிரின்சிபால் கேட்டதுக்குக்கூட நாந்தான் விலங்கியல்னு சொன்னேன். அவ மனசுல இருந்ததும் அதுதானாம். பெறகு அவளே சொன்னா.

என்ன சொல்லுதீங்க? அப்படின்னா மகளை அனுப்புங்கங்கீங்களா?

இருங்க மேடம், சரியாப் புரிஞ்சுக்கிடுதேன். நீங்க கூப்பிட நெனச்சது பட்டமுத்துங்கிற வயசாளியை. இப்ப அது ஒரு பொண்ணுன்னு தெரிஞ்சதும் இன்னும் சந்தோசமா இருக்குங்கீங்க. பனிக்காலம் முழுக்க உங்க கூட ஒரு புல்லுக்காட்டுல தங்கணும். பூனைப்பருந்து எங்கயோ வடக்க இருந்து வந்து அங்க ராத்தங்கும், அதை எண்ணணும், படம் எடுக்கணும். உங்க ஜீப்புல இன்னும் ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்கு. இன்னைக்குப் பதில் சொல்லலன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுருவீங்க. அதானே?

முடியாதுன்னு நான் சொல்லல. நான் எதையுமே முடியாதுன்னு சொன்ன ஆளு இல்ல, இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. ஆனா சில விசயம் நீங்க தெரிஞ்சுக்கிடணும்.

டிகிரி முடிச்சதும் மேல படிக்கணும்னா. அதுவும் எங்க, ஹாஸ்டல் உள்ள ஊர்ல. நான் யோசிப்போம்னு சொன்னேன். யோசிச்சிட்டே இருந்தேன், அட்மிசன் முடிஞ்சுபோச்சு. நானா முடிச்சேன்? அதுவா முடிஞ்சுது. சண்டை போட்டா நாமளும் ரெண்டு சத்தம் போடலாம், அழுதாலும் சமாதானம் சொல்லலாம். இவ சாப்பிடுவா, தட்டைக் கழுவிக் கவுத்துவா, மாடிக்குப் போயி நிப்பா. அதைப் பாத்துட்டுத்தான் நான் ரிட்டயர் ஆனப்பக் கேட்டேன், "ஏளா, அப்பா உனக்கு என்ன வாங்கித் தரட்டும்?"னு. நகை கேப்பான்னு நெனச்சேன். கேமரா கேட்டா. "எதுக்குளா?"ன்னேன். "தூரத்துல இருக்கதெல்லாம் பக்கத்துல தெரியும்ப்பா"ன்னா.

எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா மேடம்? தூரத்துல இருக்கது வீட்டுக்குள்ள இருந்தே தெரியும்னா ஒரு பொட்டப்புள்ளைக்கு அதைவிட என்ன வேணும்? அன்னைக்கே மதுரைக்குப் பஸ் ஏறிட்டேன். லென்சு புதுசு இல்ல, எவனோ ஒரு கல்யாண வீட்டுப் போட்டோக்காரன் வச்சிருந்ததாம். நீட்டினா முழங்கை நீளம் வரும். கனம்னா கனம், எங்க ஸ்பேனர் பொட்டி கனம். அதைத் தூக்கி ஆகாசத்துக்கு நேரா புடிச்சு, பறக்கிற பருந்து பின்னாலயே ஓட்டணும்.

ஆரம்பத்துல பூரா வெறும் வானந்தான். ஒண்ணுல ஓரத்துல வாலு. இன்னொண்ணுல றெக்கை நுனி. "இதுக்கா இவ்வளவு பெரிய குழாய்?"னு கேட்டேன். "அது எங்க போகப் போகுதுன்னு நமக்கு முன்னாலயே தெரியணும்ப்பா"ன்னா. பெறகு பாத்தா ஒரு நாள் ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுக்கிட்டு எடுக்கா. வலது கண்ணு கேமராவுக்குள்ள, இடது கண்ணு வெளிய. எங்கிட்டுப் பருந்து திரும்பும்னு இடது கண்ணு பாத்துச் சொல்லுமாம். பாக்க எனக்கே பயமா இருக்கும். விரலை அழுத்துனா தடதடதடன்னு ஒரு மூச்சுல படம் விழும், மழை ஓட்டுல பெய்யுத மாதிரி. அம்புட்டுப் படத்துல ஒண்ணைத்தான் வச்சுக்கிடுவா. இந்த மூஞ்சியிலயா இவ்வளவு பிடிவாதம்னு நெனச்சுக்கிடுவேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. எதிர்வீட்டு ரைஸ்மில்காரரு வந்து நிக்கிற வரைக்கும்.

அவரு வாசல்ல நின்னு, "ஃபோர்மேன், உம்ம மக எங்க மாடியைப் படம் புடிக்காளாமே?"ங்காரு.

"பருந்தைத்தான்வே புடிக்கா"ன்னேன்.

"பருந்து எங்க வீட்டுக் கொடியிலயா காயுது?"

தெருவே சிரிச்சுட்டு மேடம். அவங்க வீட்டுப் பொம்பளைங்க துணி காயப்போட மேல வாராங்க, இவ குழாயை அந்தப் பக்கம் திருப்புதா. என்ன நெனைப்பாங்க? பருந்து என்ன பண்ணுதுன்னா, அவங்க தண்ணித் தொட்டி மேல இருந்துதான் கெளம்புது. கெளம்புத நேரந்தான் நல்லா இருக்கும்ங்கா இவ. உக்காந்திருக்கிறதுக்கும் பறக்கிறதுக்கும் நடுவுல ஒரு நொடி இருக்காம், அதுல அது காத்தைப் பாத்து முன்னால சாயுமாம். சாயட்டும். அதுக்காக நான் தெருவுல தலைகுனிய முடியுமா?

நானும் கேமராவைப் புடுங்கி பீரோவுல வைக்கல. வேற அப்பன்னா வச்சிருப்பான். நான் யோசிச்சேன். எங்க சப்ஸ்டேசன்ல இன்டர்லாக்குன்னு ஒண்ணு உண்டு. உள்ள கரண்டு ஓடிட்டு இருந்தா அந்தக் கூண்டுக் கதவு தொறக்காது, நீங்க எவ்வளவு பலம் போட்டாலும் தொறக்காது. மனுசன் புத்தியை நம்பக்கூடாது மேடம், இரும்பை நம்பணும். வெல்டிங் பட்டறையில போயி பழைய பைப்புல ஒரு ஸ்டாண்டு அடிச்சேன். மாடித் தரையில போல்ட்டுப் போட்டு நிறுத்தியாச்சு. கேமரா அது மேல மாட்டிக்கிடும். சுத்தி எல்லாப் பக்கமும் திரும்பும், மேல எவ்வளவு வேணும்னாலும் போகும். கீழ மட்டும் கைப்பிடிச் சுவர் மட்டத்துக்கு வந்ததும் ஒரு கட்டையில போயி முட்டி நிக்கும். அதுக்குக் கீழ வராது. நானே டிசைன் பண்ணது. பாக்கணும்னா காட்டுதேன், காப்பி குடிச்சுட்டு வாங்க.

அதுக்குப் பெறகும் ரைஸ்மில்காரரு மொறைச்சாரு. சரின்னு நாலு பக்கமும் ஆளுயரத்துக்குத் தகரம் அடிச்சுட்டேன். மொதல்ல பச்சை வலைதான் கட்டலாம்னு பாத்தேன், அதுல ஓட்டை வழியாத் தெரியும்லா. தகரம் அடிக்கும்போது இவ பக்கத்துலதான் நின்னா, ஆணி எடுத்துக் குடுத்தா. கடைசித் தகரம் மேக்குப் பக்கம். அப்ப மட்டும், "மலை மறையுதேப்பா"ன்னா. "மலை எங்க போயிரப் போகுது?"ன்னேன். செவனேன்னு ஆணியை நீட்டுனா.

நீங்க கேட்டீங்கள்லா, எல்லாப் படமும் ஏன் அண்ணாந்தே எடுத்திருக்குன்னு? யாரோ ஒருத்தரு 'இது பட்டமுத்து ஐயாவின் தனிப்பாணி'ன்னு எழுதியிருந்தாரு. பாணியெல்லாம் இல்ல மேடம். அது என் ஸ்டாண்டு.

பாத்தா அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிருக்கு. வயிறும் றெக்கை அடிப்பக்கமுமே பாத்துப் பாத்து, இப்ப எம்புட்டு ஒசரத்துல போனாலும் இன்ன பருந்து, இது இந்த வருசம் பொறந்ததுன்னு சொல்லுதா. பூனைப்பருந்துல ரெண்டு வகை உண்டாம், மேல இருந்து பாத்தா அக்கா தங்கச்சி மாதிரி இருக்குமாம், அடிப்பக்கம் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியுமாம். உங்களுக்கு அதுக்குத்தானே இவ வேணும்? அப்ப அந்தப் பெருமையில பாதி எனக்கும் வரணும்லா? சும்மா சொன்னேன், எடுத்துக்கிடுங்க, முறுக்கு நம்ம வீட்ல சுட்டதுதான்.

என்ன கேக்கீங்க? கீழ இருந்து எடுத்தாப் பருந்து கருப்பாத்தானே விழும், இதுல எப்படி ஒவ்வொரு தூவியும் தெரியுதுன்னா? அது கேமரா பண்ணுத வேலையா இருக்கும். மாடித் தரையா? ஆமா, வெள்ளை அடிச்சிருக்கேன். இவதான் சொன்னா, வெள்ளை அடிச்சா வீட்டுக்குள்ள சூடு எறங்காது, அம்மாவுக்கு அடுப்படியில வேக்காடா இருக்குல்லான்னு. அடிச்சுக் குடுத்தேன். கைப்பிடிச் சுவருக்கும் அடிக்கச் சொன்னா, தகரத்துக்கும் உள்பக்கமா அடிக்கச் சொன்னா. என்னது, வெயிலு வெள்ளையில பட்டு மேல எழும்பி, தாழ வார பருந்துக்கு அடிவயித்துல வெளிச்சம் குடுக்குமா? சே சே. அது சூட்டுக்கு மேடம். அவளுக்கு அம்மா மேல பிரியம் சாஸ்தி. என்ன சிரிக்கீங்க?

சரி, இதைக் கேளுங்க. இதைக் கேட்டா நீங்களே வேண்டாம்னு சொல்லிருவீங்க.

போன பனிக்காலம். விடியக்காலை எந்திரிச்சுப் பாக்கேன், இவளைக் காணும். மாடிக்குப் போனா ஸ்டாண்டு மட்டும் நிக்கி. மேல கேமரா இல்ல. சைக்கிளும் இல்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கூட வேலை பாத்த ரெண்டு பேரை எழுப்பி, ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். பஸ்ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேசன், கோயில் வாசல், எல்லாம் பாத்தாச்சு. நான் வாய்விட்டு யாரையும் கேக்கவும் முடியல. என்னன்னு கேப்பேன்? எம்மவளைப் பாத்தீங்களான்னா?

கடைசியில குளத்தங்கரையில சைக்கிள் கெடக்கு. கரை மேல ஏறிப் பாக்கேன். அந்தப் பக்கச் சரிவுல, ஈர மண்ணுல, குப்புறப் படுத்துக் கெடக்கா. எனக்கு உசிரே நின்னு போச்சு மேடம். பெறகுதான் பாக்கேன், முழங்கை ரெண்டையும் மண்ணுல ஊணி, கேமராவைத் தண்ணி மட்டத்துக்கு வச்சிருக்கா. பாவாடை, சட்டை, தலைமுடி எல்லாம் சேறு. ஒரு பருந்து, கோரைப்புல்லு மேல உரசுத மாதிரி, இவளுக்கு நேரா வருது. தடதடதடன்னு சத்தம். அது இவ தலைக்கு மேல போயிட்டு. இவ அப்படியே மல்லாந்து விழுந்தா. விழுந்து சிரிக்கா.

சத்தம் போட்டுச் சிரிக்கா மேடம். யாருமே இல்ல. தன்னந்தனியா, ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு, வாயைத் தொறந்து சிரிக்கா. வீட்ல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே கெடையாது. காத்து கருப்பு ஏதும் அடிச்சிருக்குமோன்னு நேரா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி துன்னூறு போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தேன். நான் ஒரு அடி அடிக்கல. ஒரு வார்த்தை திட்டல. என்னைப் பாத்ததுமே சிரிப்பு நின்னு போச்சு, அதுவரைக்கும் நல்லது.

அந்தப் படமா? பாத்தேன். நான்தான் எல்லாப் படத்தையும் பாப்பேனே, சாயங்காலம் சாயங்காலம் நாந்தான் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்பேன். அந்தப் படத்துல பருந்து நேரா நம்மளைப் பாக்கு. ஆந்தை மூஞ்சி மாதிரி வட்டமா ஒரு மூஞ்சி. ரெண்டு றெக்கையும் ரெண்டு பக்கம் விரிஞ்சு, கீழ தண்ணியில அதோட நெழலு. மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிற மாதிரி இருந்துது. நல்ல படந்தான், நான் இல்லன்னு சொல்லல.

அழிச்சிட்டேன்.

பாத்தா மறுபடி போகத் தோணும்லா மேடம்? அதுக்குத்தான். அவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டேதான் அழிச்சேன், ஒளிவுமறைவு கெடையாது. "இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா"ன்னா. பெறகு என்ன?

என்ன மேடம், காப்பியைக் கீழ வச்சிட்டீங்க? சூடா இருக்கா? ஆத்தித் தரச் சொல்லட்டுமா?

அதுக்குப் பெறகுதான் நம்ம வீட்ல எல்.சி. வந்தது. எல்.சி.ன்னா லைன் கிளியர். கரண்டு வேலையில போஸ்ட் மரத்து மேல ஒருத்தன் ஏறணும்னா, கீழ இருக்கவன் லைனை ஆஃப் பண்ணி, ஏறலாம்னு எல்.சி. குடுக்கணும். அவன் எறங்கி வந்து, வேலை முடிஞ்சுதுன்னு எல்.சி.யைத் திருப்பிக் குடுத்தாத்தான் மறுபடி கரண்டு. அதுவரைக்கும் யாரு வந்து தலைகீழா நின்னாலும் சுவிட்ச்சைத் தொடக்கூடாது. மாடிக்குப் போறதுக்கு முன்னால, "அப்பா, எல்.சி."ம்பா. நான் "சரி"ம்பேன். எறங்கி வந்து, "அப்பா, ரிட்டர்ன்"ம்பா. ரெண்டுக்கும் நடுவுல நான் இந்த நாக்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். படி இதோ, கண்ணுக்கு நேரா. கேமராவையும் ஸ்டாண்டுல வச்சு ஒரு பூட்டு போட்டாச்சு. சாவி இந்தா, அரைஞாண்ல.

நீங்க மொறைக்கீங்க. மொறைக்காதீங்க. எங்கூட மரகதவேல்னு ஒருத்தன் இருந்தான். நல்ல வேலைக்காரன், வீட்ல ரெண்டு சின்னப்புள்ளைங்க. லைனை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறுனான், எல்லாம் முறைப்படி. கடைத்தெருவுல எவனோ ஒருத்தன் ஜெனரேட்டரை மாத்திப் போட்டுட்டான். அந்தக் கரண்டு திரும்பி லைன்ல வந்துட்டு. மேல இருந்தவன் மேலயே இருந்துட்டான். நாங்கதான் கயிறு கட்டி எறக்குனோம். நாம எல்லாத்தையும் சரியா அடைச்சாலும், நாம நெனைக்காத பக்கத்துல இருந்து வரும் மேடம். அதைக் கண்ணால பாத்தவன் நான். என் ஆளுக ஒருத்தரையும் அதுக்குப் பெறகு நான் விட்டுக் குடுத்ததில்ல. வீட்ல இருக்கது ஒத்தப் புள்ள. அதை விட்டுக் குடுப்பேனா?

இவ என்ன இங்க வந்து நிக்கா? என்ன செண்பகம்?

கேட்டீங்களா, "போயிட்டுத்தான் வரட்டுமே"ங்கா.

ஏ, நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்? நீ எங்க போயிருக்க?

என்ன சொன்ன? "எங்கயும் போகாததுனாலதான் சொல்லுதேன்"னா?

பாத்தீங்களா மேடம், விருந்தாளி முன்னால எதிர்த்துப் பேசுதா. இது எல்லாம் நீங்க ஜீப் ஓட்டிட்டு வந்ததைப் பாத்துட்டு வந்த தைரியம். கோவப்படாதீங்க, விளையாட்டுக்குச் சொன்னேன். போ செண்பகம், அடுப்புல என்னமோ தீயுது.

சரி. நீங்க சொல்லுங்க, கேக்கேன். ஆம்பளைங்க இருக்காங்களா? டிரைவர் கூடக் கெடையாதா? நீங்களே ஓட்டுவீங்க, சரி. தங்குதது எங்க? ஒரு பழைய ஓட்டு வீடு, கதவுக்குத் தாப்பா உண்டு. நாலு பொண்ணுங்க. சாப்பாடு கிராமத்துல இருந்து ஒரு அம்மா கொண்டாந்து குடுப்பாங்க. சரி. வீட்டைச் சுத்திச் சுவர் இருக்கா?

இல்லையா? வேலியாவது?

அப்ப என்னதான் இருக்கு அங்க? புல்லு. சரி, புல்லு. அதுக்கு அப்பால? அதுக்கு அப்பாலயும் புல்லா? ஒரு கட்டடம் கூட இல்லையா? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒரு போஸ்ட் மரம் கூடவா நிக்கல?

ஏ யப்பா.

சாயங்காலம் பொழுது அடையும்போது வருமா? ஒண்ணொண்ணா வருமா, கூட்டமா வருமா? எல்லாப் பக்கத்துல இருந்தும் வந்து, மரத்துல அடையாம புல்லுக்குள்ள தரையில படுக்குமா? நரி கிரி வராதா அங்க? தரையை ஒட்டியே பறக்குமா? பருந்துன்னா ஒசக்கப் பறக்கணும், அதென்ன கோழி மாதிரி? ம். நம்ம முழங்கால் ஒசரத்துல வருமா. மனுசன் அசையாம உக்காந்திருந்தா பக்கத்துலயே போகுமா.

ம்.

நல்லாத்தான் இருக்கும் போல.

நான் கல்லு இல்ல மேடம். இவ்வளவு தூரம் ஜீப் ஓட்டிட்டு வந்து ஒரு பொம்பளை கேக்கீங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன். வீட்ல அவளுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும். சரி, வரட்டும்.

ஆமா மேடம், சரின்னுதான் சொல்லுதேன். கையெல்லாம் கும்பிடாதீங்க. கூட நானும் வாரேன்.

என்ன அப்படிப் பாக்கீங்க? எனக்குத் தனி ரூம் வேண்டாம். வாசல்ல ஒரு கயித்துக் கட்டில் போட்டாப் போதும், நாலு பொண்ணுங்களுக்கும் காவலாச்சு. ஜீப்புல எடம் இல்லன்னா நான் பஸ்ல வந்து சேர்ந்துக்கிடுதேன். அவ எங்க உக்காந்து எடுக்காளோ அங்க பக்கத்துல நானும் உக்காந்துக்கிடுதேன், தொந்தரவு பண்ணமாட்டேன். ஸ்டாண்டையும் கழட்டிக் கொண்டாந்துருவேன். தகரம் வேண்டாம், அங்க யாரு இருக்கா பாக்க. ஸ்டாண்டு மட்டும் இருக்கட்டும், அவ கை அதுக்குத்தான் பழகியிருக்கு. தாழப் பறக்குமேங்கீங்களா? பறந்துட்டுப் போகுது. என்னைக்காவது மேல ஏறாமலா போகும், ஏறும்போது எடுத்துக்கிடட்டும். நமக்கு வேண்டியது அடிப்பக்கந்தானே?

இருங்க, அவளைக் கூப்பிடுதேன். சந்தோசப்படுவா. ஏளா உலகு! உலகு! கேமராவை அப்படியே விட்டுட்டுக் கீழ வா. ஆமா, இப்பவே வா. எல்.சி. கெடக்கட்டும் இன்னைக்கு.

வாரா பாருங்க. கும்புடு. இவங்கதான் மேடம். பூனைப்பருந்து எண்ணுத எடத்துக்கு உன்னையக் கூட்டிட்டுப் போறாங்க. பனிக்காலம் பூரா அங்கதான். அப்பா சரின்னு சொல்லிட்டேன்.

மேடம், பாத்தீங்களா மூஞ்சியை? பாத்தீங்களா? ஏளா, என்ன அப்படியே நிக்க? காதுல விழலையா? நெசமாத்தான் சொல்லுதேன். கதவுக்கு அந்தப் பக்கம் உங்கம்மா வேற எட்டிப் பாக்கா. எனக்கே கண்ணு கலங்குதே. மேடம், நான் இவளை இப்படிப் பாத்தே ரொம்ப நாளாச்சு.

அப்பாவும் கூட வாரேன். ஒண்ணும் கவலைப்படாத. உனக்குப் பக்கத்துலயேதான் இருப்பேன், ஸ்டாண்டையும் எடுத்துக்கிடுவோம். வாசல்ல கட்டில் போட்டு...

என்னளா?

என்ன சொல்லுத? கொஞ்சம் சத்தமாச் சொல்லு, மேடத்துக்குக் கேக்கட்டும்.

"நான் வரல மேடம். வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

ஏன்? ஏளா, ஏன்? அப்பா சரின்னு சொல்லிட்டேனே.

"அந்த எடமாவது அப்படியே இருக்கட்டும்ப்பா."

என்னது அப்படியே இருக்கட்டும்? அது எங்க போயிரப் போகுது? ஏ, இந்தா, நில்லு. உலகு! மேடம் பேசிட்டு இருக்காங்கள்லா. மேடம், நீங்க எந்திரிக்காதீங்க, அவ இப்படித்தான், கதவைச் சாத்திட்டான்னா தட்டினாலும் தொறக்கமாட்டா. உக்காருங்க.

பாத்தீங்களா மேடம்? உங்க கண்ணு முன்னாலதானே நடந்துது? நான் ஏதாவது சொன்னேனா? என் வாயாலயே சரின்னு சொன்னேனா இல்லையா? நாளைக்கு ஒருத்தரும், ஃபோர்மேன் மகளை அடைச்சு வச்சிருக்காருன்னு சொல்லக்கூடாது. நீங்களே சாட்சி. அவளுக்கு வெளிய தெருவ போறதே பிடிக்காது மேடம், அவ வளந்த விதம் அப்படி.

வேற யாரைப் போடப் போறீங்க? ஆளு கெடைக்கும், இல்லையா?

நான் என் மனசுல கட்டிலு, போர்வை எல்லாம் எடுத்து வச்சாச்சு. இந்தா, இப்பத்தான். நீங்க சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் புல்லு அப்படியே கண்ணுல தெரிஞ்சுது. சாயங்காலம் அது எல்லாம் வந்து எறங்கும்போது நானும் ஒரு ஓரமா உக்காந்து பாத்திருப்பேன். பாக்க ஆசை இருக்காதா மேடம், எனக்கும்? நானும் மனுசன்தானே? என்ன பண்ணச் சொல்லுதீங்க. இவ ஒருத்தியாலதான் நானும் எங்கயும் போகாம இந்த வீட்டுக்குள்ளயே கெடக்கேன்.